வார்டுக்குள் வந்த பன்சித்

பிலிப்பைன்ஸின் இலோய்லோ நகர அரசு ஆஸ்பத்திரியின் பிரசவ வார்டுக்குக் காலையிலிருந்து ஒரு கர்ப்பிணிகூட வரவில்லை. கடைசி வருட நர்சிங் மாணவி ஜோவிலினின் படிவத்தில் நான்கு பிரசவங்களுக்குக் கையெழுத்து இருந்தது. ஐந்தாவது கட்டம் காலி.

"நாளைக்குக் காலேஜ்ல குடுக்கணும், மேம். ஒண்ணு குறைஞ்சாலும் பட்டம் அடுத்த வருஷம்தான்."

"அதுக்கு நான் என்ன, பெத்தா தர முடியும்?" என்றார் தலைமை நர்ஸ் எஃபெமியா.

மதியம் சாப்பாட்டு அறையிலிருந்து அவர் குரல் வார்டு முழுக்கக் கேட்டது.

"எவடி இங்க பன்சித் நூடுல்ஸ் வச்சது? டியூட்டியில இதைத் தின்னா நோயாளிங்க வரிசை கட்டி வருவாங்கன்னு தெரியாதா? இருபது வருஷமா என் வார்டுக்குள்ள இது வந்ததே இல்ல."

எல்லோரும் ஜோவிலினைப் பார்த்தார்கள்.

"சத்தியமா நான் இல்ல, மேம்."

"சரி, வந்தது வந்தாச்சு. வீணாக்காம தின்னு தொலைங்க."

பாத்திரம் காலியாவதற்குள் வாசலில் ஒரு டிரைசிக்கிள் வந்து நின்றது. உள்ளே வலியில் முனகியபடி ஒரு கர்ப்பிணி. பின்னாலேயே இன்னொரு வண்டி. மாலைக்குள் மூன்று குழந்தைகள் பிறந்துவிட்டன. முதல் குழந்தையைக் கையில் ஏந்தியது ஜோவிலின்தான்.

எஃபெமியா ஐந்தாவது கட்டத்தில் கையெழுத்துப் போட்டார். ஜோவிலின் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"அந்தப் பன்சித்தை யார் கொண்டுவந்தாங்களோ, அவங்க நல்லா இருக்கணும், மேம்."

"அதெல்லாம் இருக்கட்டும். பாத்திரத்தை நல்லாத் தேச்சுக் கழுவி என் பையில வை. வீட்டுல என் மாமியார் தேடுவாங்க."