அடியில் ஓடிய கோடு

ஒரே பெட்டியில் பிறந்த இரண்டு பித்தளைத் தோட்டாக் கூடுகள் இருந்தன. ஒன்று மினுக்கி, மற்றது செம்பி. ஒவ்வொரு முறை சுட்ட பிறகும் மறுபடி வெடிமருந்து நிரப்பிக்கொண்டு ஒன்றாகவே போய்வந்தவை.

ஒரு மழை மாலையில், தொலைதூர இலக்கைச் சுடும் போட்டிக்காக, அவற்றின் சொந்தக்காரி ஜெசிந்தா கூடுகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். தராசில் எடை ஒத்துவந்தவற்றை மட்டும் தட்டில் நிறுத்தினாள். இரண்டும் தேறிவிட்டன. அப்போதுதான் செம்பியின் அடியில் முடி போல ஒரு கோடு ஓடுவதை மினுக்கி பார்த்தது.

"செம்பி, உனக்கு விரிசல் விட்டிருக்கு. சுடும்போது துப்பாக்கிக்குள்ளயே பிளந்துட்டா?"

"பிளக்கட்டும். நான்தானே போவேன்? சுட்டதும் வெளியே தெறிச்சு வெளிச்சத்துல மிதக்கிற அந்த ஒரு கணம் எனக்கு வேணும்."

அந்த மிதப்பு மினுக்கிக்கும் தெரியும். தனியாகப் போக அதற்கும் மனசில்லை. ஆனாலும் ஜெசிந்தா மருந்தை எடுக்கத் திரும்பியபோது, மெல்லச் சாய்ந்து செம்பியைத் தள்ளிவிட்டது. உருண்ட செம்பியின் கோடு விளக்கில் பளிச்சிட்டது. ஜெசிந்தா திடுக்கிட்டு அதை எடுத்து ஜன்னலோரம் ஒதுக்கினாள்.

"இனி உன்னோட பேச்சே இல்லை" என்றது செம்பி.

போட்டி முடிந்து, மினுக்கி புகை வாசத்தோடு திரும்பி வந்தது. செம்பிக்குப் பொறுக்கவில்லை. "எப்படி இருந்துச்சு?"

"வெடிச்சது ஞாபகமே இல்லை. துப்பாக்கியில அவ கன்னத்தைச் சாய்ச்சிருந்தா. மூச்சு விடுறது எனக்குக் கேட்டுச்சு."

"அவ்வளவு கிட்டவா?"

"அவ்வளவு கிட்ட. அவ கண்ணும் அங்கதான் இருந்துச்சு. நீ அங்க பிளந்திருந்தா..."

செம்பி மினுக்கியின் பக்கம் மெல்லச் சாய்ந்தது. பிறகு, "அடுத்த தடவை போனா, அந்த மூச்சை இன்னும் நல்லாக் கேட்டுட்டு வந்து சொல்லு" என்றது.