ஒரு பக்கக் கயிறு

தெருஹிகோ இடது கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு சுருக்குப்பையைத் தூக்கினான். உள்ளிருந்த கோப்பையின் பாரத்தில் பையின் வாய் தானாகச் சுருங்கியது.

மூடுவது சரி. திறப்பதுதான் வரவில்லை.

நாளை ஏப்ரல் எட்டு. மகள் கனாதேவுக்குப் பாலர் பள்ளியில் முதல் நாள். தன் சாமானைத் தானே எடுத்து வைத்தால் இங்கேயே படிக்கட்டும், ஒரு வாரம் பார்ப்போம் என்று தலைமை ஆசிரியை சொல்லியிருந்தார்.

இரவல் கொடுத்த தையல் மெஷினைக் கேட்டு வந்த பக்கத்து வீட்டு ஹோஷினோ, பையைப் பார்த்துச் சிரித்துவிட்டாள்.

“என்ன கனாதே அப்பா, ஒரு பக்கந்தான் கயிறு கோத்திருக்கீங்க? ரெண்டு பக்கமும் கோத்து, ரெண்டு கையாலயும் இழுக்கணும்னு பள்ளிக்கூடச் சீட்டுல படமே போட்டிருக்கே! லாரி ஓட்டுற கையில ஊசியக் குடுத்தா இப்படித்தான்.”

“ஒண்ணு போதும்க்கா.”

அவள் துணியைத் தடவினாள். பள்ளி மேலங்கியின் அதே வெளிர்நீலம்.

“இத தனியா விக்க மாட்டாங்களே. எங்க பிடிச்சீங்க?”

“மிச்சம்.”

“தைச்சு விக்கிற மேலங்கியில ஏது மிச்சம்?”

அவன் மறுபடியும் இடது கையைப் பின்னால் கொண்டுபோனான். வலது விரல்கள் சுருக்கத்தைப் பிடித்து இழுக்க, பை முழுசாகக் கூடவே வந்தது.

அடுப்படியிலிருந்து கனாதே வந்தாள். கன்னத்தில் சோற்றுப் பருக்கை. நாளைக்கான மேலங்கியை இன்றே மாட்டியிருந்தாள்.

அவனிடமிருந்து பையைப் பிடுங்கித் தரையில் உட்கார்ந்தாள். இரண்டு முழங்கால்களுக்கும் நடுவில் அதை இறுக்கினாள். மூன்று விரல்களைச் சுருக்கத்துக்குள் நுழைத்து விரித்தாள்.

பை திறந்துகொண்டது. கோப்பை வெளியே வந்தது.

“ஏம்ப்பா, உனக்கு முழங்கால் இல்லையா?”

தெருஹிகோ முகத்தைத் திருப்பிக்கொண்டு மூக்கை உறிஞ்சினான்.

ஹோஷினோ சிரிக்கவில்லை. அவர்கள் குடிவந்து பத்து நாள்தான் ஆகிறது. குழந்தையைக் குளிர்கோட்டோடு தவிர அவள் பார்த்ததில்லை.

மேலங்கியின் வலது கை மணிக்கட்டு வரை இருந்தது. இடது கைத்துணி முழங்கையோடு வெட்டப்பட்டு, பொடிப்பொடித் தையலில் மூடப்பட்டிருந்தது.