இடது செருப்பு

"எதுக்குய்யா ஆள் தேடணும்? நீதான் இருக்கியே."

சொல்லிவிட்டுப் பசேர் சிரித்தான். எகிப்து மன்னரின் அரண்மனைப் பட்டறைக்கு மேலாளன் அவன். சிரித்தால் இரண்டு மடிப்புத் தாடையும் குலுங்கும். மூக்கோரத்து மருவும் கூடவே ஆடும்.

ஓவியன் சிரிக்கவில்லை.

மன்னருக்குப் புதுச் செருப்பு. மரத்தில் செய்தது. பாதம் பதியும் இடத்தில், கைகள் பின்னால் கட்டப்பட்ட எதிரியின் படம் இருக்க வேண்டும். நடக்கும்போதெல்லாம் மன்னர் அவனை மிதிப்பார். வழக்கம் அப்படி.

வலது செருப்பில் தாடி வைத்த சிரியன். அதை நேற்றே வரைந்து முடித்துவிட்டான். அப்போது அவனுக்கு எதுவும் உறுத்தவில்லை. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

இடதில் நூபியன், எகிப்துக்குத் தெற்கே உள்ள நாட்டுக் கறுப்பு மனிதன்.

பசேர் தன் மனைவியின் செம்புக் கண்ணாடியைக் கொண்டுவந்து அவன் மடியில் வைத்தான்.

"உன் மூஞ்சியப் பாத்துப் பாத்து வரை. அட, கோவிச்சுக்காத. உன்னையா சொன்னேன்? நீ நம்ம ஆளு."

நம்ம ஆளாம்!

இந்த ஊரில் பிறந்தவன். இந்த ஊர்ப் பெண்ணைக் கட்டியவன். அமோன் சாமிக்குப் படைக்காமல் ஒரு வாய் ரொட்டி தின்றதில்லை. நூபிய மொழியில் அவனுக்குத் தண்ணீர் கேட்கக்கூடத் தெரியாது.

கண்ணாடியைத் தூக்கிப் பார்த்தான்.

அப்பா தெரிந்தார்.

அதே நெற்றி. அதே உதடு. நூபியாவிலிருந்து வந்து மன்னரின் படையில் வில் பிடித்த மனிதர். வீரத்துக்குத் தரும், தங்கத்தில் செய்த ஈப் பதக்கத்தை மன்னரே அவர் கழுத்தில் மாட்டிவிட்டார். அடுத்த போரில், அதே மன்னருக்காக, வடக்கே எங்கோ செத்தார். உடல்கூட வரவில்லை. மிச்சம் இருப்பது இந்த முகம்தான்.

இதையா செருப்பில் வரைவது?

மாட்டேன் என்றால் கையை வெட்டுவார்கள். கண்ணாடியைக் கவிழ்த்து வைத்தான்.

எதிரே, நிழலில், பசேர் பீர் குடித்துக்கொண்டிருந்தான். பக்கவாட்டில் முகம் நன்றாகத் தெரிந்தது.

தூரிகையை எடுத்தான்.

சரிந்த நெற்றி. தொங்கும் கீழுதடு. இரண்டு மடிப்புத் தாடை. மருவைக்கூட விடவில்லை. கைகளைப் பின்னால் கட்டினான். கயிற்றுக்கு இன்னொரு சுற்றுப் போட்டான்.

கடைசியில்தான் கறுப்பு பூசினான். சுருட்டை முடி வைத்தான். காதில் பெரிய வளையம் மாட்டினான்.

மாலையில் பசேர் வந்து செருப்பை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான்.

கண்டுபிடித்தால் தலை போய்விடும்.

பசேர் செருப்பைப் பார்த்தான். ஓவியனைப் பார்த்தான். மறுபடி செருப்பைப் பார்த்தான்.

"அடேயப்பா! அப்படியே உன்னை உரிச்சு வச்சிருக்கே!"

இருபது வருடம். ஓவியனின் முகத்தைப் பசேர் தினமும் பார்க்கிறான். இத்தனை நாளும் இவன் எதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்?

தப்பித்ததில் ஓவியனுக்குச் சந்தோஷமே இல்லை. கோபம்தான் கூடியது. கண்ணாடியை எடுத்து நீட்டினான். பார்க்கட்டும். இப்போதாவது பார்க்கட்டும்.

பசேர் வாங்கினான். ஒரு கையில் செருப்பு. மறு கையில் கண்ணாடி. கண்ணாடிக்குள் பல்லை இளித்து, இடுக்கில் இருந்த இறைச்சித் துணுக்கை நாக்கால் நெம்பி எடுத்தான்.

பிறகு செருப்பைப் பெட்டிக்குள் வைத்தான். முகம் மேலே பார்க்கும்படி.

"நாளைக்கு ராஜா இதுல கால் வைக்கிறப்ப பக்கத்துல நின்னு பாக்கணும்யா."

"அவசியம் பாருங்க, ஐயா," என்றான் அவன்.