கன்னத்தில் வழியும் சொட்டு

கண் மருத்துவமனை அலுவலகத்தின் ஜன்னலோர நாற்காலியில் மேலாளர் நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறார். ஒரு கையில் சொட்டு மருந்துக் குப்பி. உள்ளே இருப்பது வெறும் தண்ணீர். மறு கையில், அறுவை சிகிச்சை முடிந்து வீட்டுக்குப் போகிறவர்களுக்காக எழுதிய தாள். எந்தத் தாளும் அச்சுக்குப் போகும் முன், யாராவது ஒருவர் அதில் எழுதியிருப்பதை மட்டும் அப்படியே செய்து பார்க்க வேண்டும் என்பது இங்கே கண்டிப்பு. அவர் செய்து முடிக்கும்வரை மற்றவர்கள் எதையும் விளக்கிச் சொல்லக் கூடாது. தாளை எழுதியவள் மேசையில் சாய்ந்து, கைகட்டி நிற்கிறாள். அவளுக்குப் பின்னால் கணினித் திரையில், வாசிப்பு எளிமைக்கு நூற்றுக்குத் தொண்ணூற்று நான்கு என்று பச்சையில் மின்னுகிறது. அந்த எண்ணுக்காக நீளமான வரியொன்றை வெட்டச் சொன்னவர் மேலாளர்தான். "மூடியைத் திறக்கவும். கண்ணில் ஒரு சொட்டு விடவும்" என்று வாசிக்கிறார். திறக்கிறார், விடுகிறார். சொட்டு இமையில் பட்டு, கன்னத்தில் இறங்கி, இஸ்திரி போட்ட காலருக்குள் போய்விடுகிறது. இன்னொன்று விடுகிறார், அதுவும் அதே வழிதான்.

"தொண்ணூத்தி நாலு காட்டுதே," என்கிறார்.

"காட்டுது சார். கண்ணுக்குள்ளதான் ஒண்ணும் போகலை."

அவள் திரும்பி, வெட்டிய வரியை மறுபடி தட்டுகிறாள்: "தலையை அண்ணாந்து, கீழ் இமையை விரலால் மெல்ல இழுத்துப் பிடித்து, கண்ணில் ஒரு சொட்டு விடவும்." பச்சை மஞ்சளாகிறது, எண்பத்தொன்று. அவள் அதைப் பார்க்கவே இல்லை. மேலாளர் எட்டி வாசித்துவிட்டு அண்ணாந்து, இமையை இழுக்கிறார். ஜன்னல் வெளிச்சத்தில் சொட்டு ஒரு கணம் தொங்கி, கண்ணுக்குள் விழுந்து, அங்கேயே தங்குகிறது.

"எண்பத்தொண்ணே இருக்கட்டும்மா," என்கிறார், தலையைக் குனியாமலே.