பேபி ஆஃப் செவ்வந்தி

"இதெல்லாம் ரெண்டு தடவ ஏறுனதுங்க மேடம். ஒண்ண வெச்சுக்கிட்டு இன்னொண்ண அழிச்சுப்போடுங்க" என்றார் லட்சுமிநாராயணன்.

திரையில் ஒரே மாதிரியான வரிகள் நாற்பத்தோரு ஜோடியாக நின்றன.

மருத்துவமனையின் இருபது வருடப் பதிவுகளைப் பழைய சர்வரிலிருந்து கிளவுடுக்கு மாற்றும் வேலை. சனிக்கிழமை மதியம், வெளிநோயாளிகள் எல்லோரும் போன பிறகு, சாஃப்ட்வேர் கம்பெனியிலிருந்து வந்திருந்த செவ்வந்தி ஆரம்பித்தாள். ஐந்து மணிக்குள் முடித்துத் தர வேண்டும்.

லட்சக்கணக்கான வரிகள் சத்தமில்லாமல் போய்விட்டன. இந்த நாற்பத்தோரு ஜோடி மட்டும் போகவில்லை. தாயின் எண், பிறந்த தேதி, குழந்தையின் பெயர், மூன்றும் ஒன்றாக இருந்தால் புதிய டேட்டாபேஸ் அதை ஒரே ஆளாகத்தான் எடுத்துக்கொள்ளும். இரண்டாவது வரியைத் திருப்பி அனுப்பிவிடும்.

லட்சுமிநாராயணன் அங்கே ரெக்கார்டு செக்‌ஷனைப் பார்த்துக்கொள்பவர். ஓய்வுபெற இன்னும் நான்கு மாதம் இருந்தது.

பிறந்த குழந்தைக்கு யாரும் அன்றைக்கே பெயர் வைத்துவிடுவதில்லை. அதனால் 'பேபி ஆஃப்' என்று போட்டு, பக்கத்தில் அம்மாவின் பெயரை அடித்து வைப்பார்கள். ஒன்றரை மாதத்தில் தடுப்பூசிக்கு வரும்போது பெயரைக் கேட்டு மாற்றிக்கொள்வார்கள்.

"நெசமாலுமே ரெட்டைப் புள்ளைங்கன்னா இந்நேரம் பேரு மாறியிருக்குமுங்களே. இதெல்லாம் கரண்டு போயிட்டு வந்தப்ப எங்க செக்‌ஷன் புள்ளைங்க மறுக்காத் தட்டுனது. எங்களுக்குத்தான் ஒரு வேலைய ரெண்டாச் செய்யறது ரொம்பப் புடிக்குமுங்களே."

அவரே சிரித்துக்கொண்டார்.

செவ்வந்தி பதினேழாவது ஜோடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பேபி ஆஃப் செவ்வந்தி. பெண்.

பேபி ஆஃப் செவ்வந்தி. பெண்.

அந்தச் செவ்வந்தி அவள்தான்.

ஏழு வருடம் ஆகிவிட்டது. இதே கட்டடம், மூன்றாவது மாடி. பிரசவமாகி அவளுக்கு நினைவு திரும்பியது ஐந்தாவது நாள். அதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. இரண்டு முகங்களையும் அவள் பார்க்கவில்லை.

ஒரு வரியை அழித்தால், அவளுக்குப் பிறந்தது ஒன்றுதான் என்று ஆகிவிடும்.

"எடையப் பாருங்க சார்" என்றாள். குரல் சாதாரணமாகத்தான் வந்தது. "ஒரே கொழந்தைய ரெண்டு தடவ தட்டுனா எடை மாறாதுங்களே."

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார். ஆயிரத்து நூறு கிராம். தொள்ளாயிரத்து எண்பது கிராம்.

எடையை வைத்துப் பிரித்தார்கள். முப்பத்தைந்து ஜோடி அவர் சொன்னதுபோல மறுபடி தட்டியதுதான். ஆறு ஜோடி அப்படி இல்லை.

லட்சுமிநாராயணன் வெகுநேரம் அந்த ஆறையும் பார்த்தார்.

"ஊட்டுக்குப் போகாத புள்ளைங்களாட்ட இருக்குது" என்றார் மெதுவாக.

பிறகு கண்ணாடியைக் கழற்றிவிட்டு நிமிர்ந்தார். "பேருக்குப் பின்னால ஒண்ணு, ரெண்டுன்னு போட்டுருங்க மேடம். ரெண்டும் தனித்தனியா ஏறிக்கும். பெத்தவங்க என்னைக்காச்சும் பேரு சொன்னாங்கன்னா அப்ப மாத்திக்கலாம்."

டீ வாங்கி வருவதாகச் சொல்லி எழுந்து போனார்.

பேபி ஆஃப் ஜாஹிதா ஒன்று. பேபி ஆஃப் ஜாஹிதா இரண்டு.

பேபி ஆஃப் மாசாணியம்மாள் ஒன்று. பேபி ஆஃப் மாசாணியம்மாள் இரண்டு.

ஐந்து தாய்மாரின் பிள்ளைகளுக்கு எண் போட்டுவிட்டாள். கடைசியாக விட்டுவைத்திருந்த தன் ஜோடியில் விரல் நின்றுவிட்டது.

கணவன் ரவிக்குமாருக்குச் சூலூரில் ஒரு விசைத்தறிக் குடோனில் ஃபிட்டர் வேலை. இந்த ஏழு வருடத்தில் அவர்கள் இருவரும் ஒருநாளும் இதைப் பற்றிப் பேசியதில்லை. அவன் ஆரம்பிக்கவில்லை. அவள் கேட்கவில்லை. அவன் மறந்துவிட்டான் என்றே அவள் நினைத்திருந்தாள். எதிரே உட்கார்ந்து அவன் நிம்மதியாகச் சாப்பிடும் சில நாட்களில் அவனைப் பார்க்கவே அவளுக்குப் பிடிக்காது.

கைபேசியை எடுத்தாள்.

மறுமுனையில் தறிகளின் இரைச்சல்.

"ஏனுங்க, கொஞ்சம் வெளிய வாங்க."

இரைச்சல் தள்ளிப்போனது. ஒரு கதவு சாத்தும் சத்தம் கேட்டது.

"சொல்லு அம்மணி."

"நம்ம புள்ளைங்க ரெண்டு பேத்துக்கும் பேரு வேணுமுங்க. ஆஸ்பத்திரி கம்ப்யூட்டர்ல எழுதோணும்."

நம்ம புள்ளைங்க. அந்த வார்த்தையை அவள் வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை.

அவன் ஏன் என்று கேட்கவில்லை. எங்கோ ஒரு பஸ் ஹாரன் அடித்துக்கொண்டே கடந்து போயிற்று. அவன் பெயர் யோசிக்கிறான் என்று நினைத்தாள். திடீரென்று கேட்டால் யாருக்குத்தான் வரும். வேண்டாம், எண்ணே போட்டுக்கொள்கிறேன் என்று சொல்ல வாயெடுத்தாள்.

"மூத்தவ கிருபா. சின்னவ தாரணி."

ரேஷன் கார்டில் இருக்கும் பெயர்களைச் சொல்வதுபோலச் சொன்னான்.

இரண்டு வரிகளையும் மாறிமாறிப் பார்த்தாள்.

"ஒருத்தி ஆயிரத்து நூறு கிராமுங்க. இன்னொருத்தி தொள்ளாயிரத்து எம்பது. இதுல கிருபா யாருங்க?"

"கனமா இருந்தவ."

அவள் அடித்தாள். முதல் வரி ஏறியது. அடுத்ததையும் அடித்தாள். அதுவும் ஏறியது.

"எப்பங்க பேரு வெச்சீங்க?"



"அடக்கம் பண்ணுனன்னைக்குத்தான். குழிக்குள்ள நாந்தான எறக்குனேன்" என்றான். "பேரச் சொல்லிக் கூப்புடாம எப்படி அம்மணி மண்ணத் தள்றது?"