பந்தைத் தொடாதவர்

"அப்பா, போன கிழமை வுச்சீரியாச் சந்தைக்குத் தனியப் போய் வந்தீங்களாம். பிறகேன் முழுநேரமும் ஒரு ஆள்? கிழமைக்கு ரெண்டு நாள் வந்தால் போதும்தானே?"

அமெரிக்காவிலிருந்து மகள் வீடியோ அழைப்பில் கேட்டாள். கிழவரைப் பராமரிக்கும் அகஸ்ரீனா போனைப் பிடித்திருந்தாள். நாளைக்கு அவள் தன் வதிவிட அனுமதியான பெர்மெசோவைப் புதுப்பிக்க வேண்டும். முழுநேர வேலை இல்லையென்றால் இத்தாலியில், இந்தப் பலெர்மோவில் இருக்க அனுமதி கிடைக்காது.

கிழவர் சல்வத்தோரேவுக்குத் தொண்ணூற்று நான்கு வயது. 1950களில் ஒன்பது வருடம், ஹெல்மெட் போட்டு ஆளோடு ஆள் மோதும் அமெரிக்கக் கால்பந்து விளையாடியவர். அகஸ்ரீனாவை ஏற இறங்கப் பார்த்தார்.

"இந்தப் பொம்பிளை ஆர்?"

"அப்பா! அகஸ்ரீனா. நாலு வருசமா உங்களைப் பாக்கிறவ."

"எனக்குத் தெரியாது. இண்டைக்கு மேட்ச் இருக்கு. என்ரை ஹெல்மெட் எங்கை?"

மகளின் முகம் மாறியது. "அந்தக் காலத்திலை தலையிலை பட்ட அடி இப்ப வேலையைக் காட்டுது. அகஸ்ரீனா, நீங்கள் முழுநேரமும் நில்லுங்கோ. அவரைத் தனிய விடாதேங்கோ."

அழைப்பு முடிந்தது. வேலை நிலைத்தது. ஆனாலும் அகஸ்ரீனாவுக்குக் கண் கலங்கியது. மனுசன் அவளையே மறந்துவிட்டாரே.

"அகஸ்ரீனா, நாளைக்குப் பெர்மெசோ புதுப்பிக்கக் குவெஸ்தூராவுக்கு எத்தனை மணிக்குப் போகவேணும்?"

அவள் திடுக்கிட்டுத் திரும்பினாள். "அப்பு! அப்ப உங்களுக்கு மறதி...?"

"ஒன்பது வருசமும் நான் பந்தைத் தொட்டதேயில்லை, பிள்ளை," என்று சிரித்தார் கிழவர். "பந்தோடை ஓடுறவனை ஒருத்தரும் பிடிக்காமல் குறுக்கை நிண்டு மறிக்கிறதுதான் என்ரை வேலை. மறிச்சிட்டன். நீ ஓடு."