மிதக்கிற மாதிரி இருக்கு

ஜன்னல் திரை மேகம்போல் அசைந்தது. ஆபரேஷனுக்குக் காத்திருந்த கணவரின் கையில் டிரிப்ஸ் சொட்டுச் சொட்டாக ஏறிக்கொண்டிருந்தது.

“மருந்து ஏறிடுச்சு போல. மிதக்கிற மாதிரி இருக்கு,” என்றார் கண்ணை மூடியபடி. “உன் பாட்டு பிரமாதம்னு சொல்வேன்ல? காது கொடுத்துக் கேக்க முடியாது.”

மனைவி சிரித்தாள். “மயக்கத்துல உளறாதீங்க.”

“உனக்கு கார் ஓட்ட வரலைன்னு சாவியைப் பிடுங்கினேனே, அதுவும் பொய். என்னைவிட நல்லாவே ஓட்டின. அதுதான் எனக்குப் பொறுக்கல.”

அவள் அவர் விரல்களைப் பற்றிக்கொண்டாள்.

நர்ஸ் ஊசியோடு வந்தாள். “அப்பவே சொன்னேனே சார், இது வெறும் குளுக்கோஸ். மயக்க மருந்து இனிமேதான்.”

கணவர் கண்களை இன்னும் இறுக்கி மூடிக்கொண்டார்.

கழற்றி வைத்த சட்டையிலிருந்து கார் சாவியை எடுத்துத் தன் கைப்பையில் போட்டுக்கொண்டாள் மனைவி.

“தைரியமா போயிட்டு வாங்க. வீட்டுக்கு நான்தான் ஓட்டுவேன். பாடிக்கிட்டே!”